தேயிலைத் தூளில் தாள் வராது: பூண்டுலோயா வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரையும் தோட்டத்தையும் இங்கே குறிப்பிடவில்லை. நீங்கள் கேட்டதையே ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வேறு பலரும் கேட்பதால் பதிலைப் பத்திரிகையில் எழுதுகிறேன். லயத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கழித்துப் போடும் தூளில் காகிதம் செய்து, அதில் பையும் வாழ்த்து அட்டையும் பண்ணி, நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: கண்டிப் பக்கம் பாய் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் பனையோலை இருக்கிறது, எங்களுக்கு மட்டும் கொழுந்து பறிப்பதைத் தவிர ஒரு கைவேலையும் இல்லை என்று. அந்த வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் தூளைப் பார்ப்போம்.

தேயிலைத் தூளில் தாள் வராது. தாள் என்பது நார் ஒன்றோடொன்று பின்னிப் படிந்த படலம். பின்னுவதற்கு நார் நீளமாக இருக்க வேண்டும். நாம் பறிப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். இளசு என்பதற்காகவே பறிக்கிறோம். அதில் நார் குட்டை, சாறுதான் அதிகம். அதை அரைத்து, உருட்டி, காய வைத்து, சலித்த பிறகு மிஞ்சும் தூளில் பின்னிக்கொள்ள என்ன இருக்கிறது? கடைகளில் 'தேயிலைக் காகிதம்' என்று விற்பவற்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாளாக நிற்பது பழைய காகிதக் கூழோ பருத்திக் கூழோ; தேயிலை அதில் தூவிய புள்ளி. அழகுக்குத் தூவலாம், தவறில்லை. ஆனால் அதை மூலப்பொருள் என்று நம்பி ஒரு தொழிலைத் தொடங்கினால், முதல் மழைக்காலத்திலேயே பை பிய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. கழிவுத் தேயிலை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகும் குப்பை அல்ல. நல்ல தேயிலையோடு கலந்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக அதன் கொடுக்கல் வாங்கலுக்குத் தேயிலைச் சபையின் கட்டுப்பாடு இருக்கிறது. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு சாக்குத் தூளும் லயத்துக்கு வர வேண்டாம். பிறகு திருட்டுப் பட்டம் உங்கள் தலையில்தான் விழும்.

ஆனால் தேயிலை கொடுக்கும் ஒன்று இருக்கிறது. சாயம். நாக்கில் துவர்ப்பாகத் தெரிகிற அதே சத்து பருத்தியைப் பிடித்துக்கொள்ளும். இரும்பைக் கண்டால் கறுக்கும். தேநீர்க் கோப்பையில் துருப்பிடித்த ஆணி விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர் கடுக்காயை வைத்துச் செய்த வேலையை இங்கே தேயிலை செய்யும். புதுத் துணியானால் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியையும் எண்ணெயையும் போக்குங்கள். இதில் சோம்பல்பட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். பிறகு துணி என்ன எடையோ அதே எடைத் தூளைக் கொதிக்கவைத்து வடித்த சாயத்தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். அந்த அளவில் நிறுத்தினால் மண் நிறம். அன்னபேதி கரைத்த தண்ணீரில் அடுத்து முக்கினால் சாம்பல், அதையும் தாண்டினால் மழைக்கால மேகத்தின் கறுப்பு. அன்னபேதி துணியின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. இரும்பு நிறத்தைத் தந்துவிட்டுத் துணியை மெல்லத் தின்னும்; பழைய காலத்துக் கறுப்புச் சாயத் துணிகள் உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் உதிர்ந்து கிடப்பது இதனால்தான். குடித்து முடித்த தேயிலைச் சக்கையில்கூடச் சாயம் மிச்சம் இருக்கும். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் வடிகட்டிக் கொட்டுவதைச் சேர்த்து வைத்தால் ஸ்டோர்க்காரரிடம் கையேந்தவே வேண்டாம்.

கருப்பந்தைல மரமும் சுற்றிலும் நிற்கிறது. விறகுக்கென்று துரைமார் நட்டது. அதன் இலையைக் கம்பளி நூலோடோ பட்டோடோ சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்தால், படிகாரம்கூட இல்லாமல் செம்மஞ்சள் நிறம் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் இந்தியா ஃபிளின்ட் என்ற பெண்மணி இதையே தன் வாழ்நாள் வேலையாக்கி 2008-இல் ஒரு நூலும் எழுதினார். இலையைத் துணியில் வைத்துச் சுருட்டிக் கட்டி வேகவைத்து இலையின் வடிவத்தையே பதிய வைக்கிற முறை அதற்குப் பிறகு எங்கும் பரவியது. பருத்தியில் இந்த நிறம் மங்கலாகத்தான் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படங்களில் பார்ப்பதெல்லாம் கம்பளியும் பட்டும்.

சரி, தாளுக்கு வருவோம். எதில் செய்வது?

கேகாலைப் பக்கம், பின்னவலைக்கு அருகில், யானைச் சாணத்தில் காகிதம் செய்கிறார்கள். துசித ரணசிங்க தொடங்கிய மாக்ஸிமஸ் நிறுவனம், 1990-களிலிருந்து நடக்கிறது. கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். யோசித்தால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யானை நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் தின்கிறது. அதன் வயிறு பாதியைத்தான் செரிக்கும். மிச்சம் நாராக வெளியே வரும். மரத்தைக் கூழாக்கும் ஆலை காரத்தையும் நீராவியையும் கொண்டு செய்கிற வேலையில் ஒரு பகுதியை யானையின் குடல் இலவசமாகச் செய்து கொடுக்கிறது. அவர்கள் அதைக் கழுவி, வேகவைத்து, பழைய காகிதக் கூழையும் கலந்து தாள் எடுக்கிறார்கள். பூண்டுலோயாவில் யானை இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது சாணத்தை அல்ல, அந்தக் கணக்கை: கஷ்டமான முதல் வேலையை யாரோ ஏற்கெனவே செய்து வைத்த பொருள் எது? உங்கள் ஊரில் அது பாடசாலையில் முடிந்துபோன கொப்பிகளும் பரீட்சைத் தாள்களும்தான். கூழாகி வெளுத்துத் தாளாகிப் போன நார். தண்ணீரில் ஊறவைத்து உரலில் இடித்தால் போதும், அடுப்பே வேண்டாம்.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இயங்குகிறது. பனியன் ஆலைகளின் வெட்டுத்துணிதான் அவர்களுக்கு மூலப்பொருள். பருத்தித் துணியை விட நல்ல தாள் நார் உலகத்தில் இல்லை. இலங்கையிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக வெளியே போகிறது. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி, உருகி மணியாக உறைந்தால் பொலியெஸ்டர் கலந்தது, வேண்டாம். ஆனால் துணியைக் கூழாக்க உரலும் உலக்கையும் போதாது, கை ஓய்ந்துவிடும். அதற்கு ஹொலண்டர் பீட்டர் என்ற அரைக்கும் தொட்டி வேண்டும், அது பணம். ஆகவே துணிக்காகிதம் உங்கள் இரண்டாம் வருடத்துக் கனவாக இருக்கட்டும்.

கொப்பிக் கூழ் மட்டும் போட்டால் தாள் சோர்ந்துபோகும். ஏற்கெனவே ஒரு முறை உழைத்த நார் அல்லவா? அதற்கு முதுகெலும்பாகப் புதிய நீள நார் கொஞ்சம் கலக்க வேண்டும். வாழைத்தண்டுப் பட்டை ஒன்று. குலை வெட்டிய பிறகு அந்தத் தண்டு எப்படியும் சாயத்தான் போகிறது. மற்றது, நீங்கள் தினமும் தாண்டிப் போகிற வேலிக் கற்றாழை. சிங்களத்தில் ஹண என்பார்கள். நீண்ட, முள்முனை இலை, நடுவிலிருந்து ஒரு நாள் திடீரென்று கம்பம் போல் பூந்தண்டு கிளம்பும். பாதையோரங்களிலும் கற்பாறை இடுக்குகளிலும் தானாக வளர்கிறது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கற்றாழைக்கு உங்கள் ஊரிலிருந்து அரைநாள் பஸ் பயணத்தில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. கண்டியைத் தாண்டித் தும்பறையில், மெனிக்ஹின்னப் பக்கம், தும்பறைப் பாய் நெய்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இலையை வெட்டி, கீறி, மரக்கட்டையில் சாய்த்து வைத்து மழுங்கிய விளிம்பால் வழித்தால் பச்சைச் சதை போய் வெள்ளை நார் நிற்கும். அலசி வெயிலில் காய வைத்துச் சீவினால் குதிரை வால் போலப் பளபளக்கும். சிவப்புக்குப் பதங்கிக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும் என்று காட்டிலிருந்தே சாயம். தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் யானை, மான், பறவை, பூக்கொடி எல்லாம் நேர்கோடுகளாலேயே உருவாகும். வளைவு என்பதே கிடையாது. நார் விறைப்பானது, வளைய மறுக்கும். அந்த விறைப்பையே அவர்கள் அழகாக்கிவிட்டார்கள்.

இன்று கொழும்பு ஹோட்டல் சுவர்களில் தொங்குகிற அந்தப் பாயை நெய்தவர்கள் கண்டி இராச்சியத்தின் சாதி அடுக்கில் ஆகக் கீழே வைக்கப்பட்டவர்கள். அரண்மனைக்குப் பாயும் கயிறும் கொடுப்பது அவர்களுடைய கடமை, விருப்பம் அல்ல. வடக்கிலும் இப்படித்தான். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் தரையைக் குத்திச் சாயவேர் எடுத்தார்கள். பருத்தித் துணிக்குச் செக்கச்சிவந்த நிறம் தரும் வேர். ஒல்லாந்தர் காலத்தில் அது ஒல்லாந்தக் கம்பனியின் தனியுரிமை. வேர் குத்துவது குறிப்பிட்ட சாதியாரின் தலையில் சுமத்தப்பட்ட கட்டாய வேலை. ஐரோப்பிய வீடுகளை அலங்கரித்த சோழமண்டலத்துப் பூத்துணிகளின் சிவப்புக்குள் இப்படிப்பட்ட முதுகுகள் வளைந்திருக்கின்றன. ஆகவே தங்கச்சி, மரபு என்ற சொல்லைக் கேட்டு ஏங்காதீர்கள். அடுத்தவர் வீட்டு மரபும் பல இடங்களில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நம் பெரட்டுக் களத்தைப் போன்ற ஒன்றிலிருந்து வந்ததுதான்.

நமக்கு மரபே இல்லையா என்றால், இருந்தது. அது நம் சொந்தப் பொருளாக இருக்க விடப்படவில்லை. கொழுந்துக்கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் தொங்கவிடும் அந்தக் கூடை, இலை நசுங்காமல், காற்றுப் போய்வர, மழை வழிய, முதுகின் வளைவுக்குப் பொருந்த, பாதி நிரம்பியபோதும் முழுதும் நிரம்பியபோதும் பாரம் ஒரு பக்கம் சாயாமல் முடையப்பட்டது. இதை ஒரு துரையும் வரைந்து கொடுக்கவில்லை. மூங்கிலையும் பிரம்பையும் பிளந்து அந்த வடிவத்தைக் கண்டுபிடித்த கைகள் இந்த மலைகளில் இருந்தன. பிறகு நைலோன் சாக்கு வந்தது. இலேசு, மலிவு, உடையாது. உள்ளே கொழுந்து வெந்து சிவந்துபோவதைப் பற்றி ஸ்டோரில் குறைசொல்வார்கள், கூடை திரும்பி வரவில்லை. இப்போது சுவரொட்டிகளிலும் தேநீர்ப் பெட்டி அட்டைகளிலும் மட்டும் பெண்கள் கூடை சுமக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் கூடை முடையத் தெரிந்த ஒரு தாத்தாவாவது உயிரோடு இருக்கிறாரா? இந்தக் கடிதத்தில் நான் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். மூங்கிலை எந்த மாதத்தில் வெட்டுவது, எத்தனை நாள் ஓடையில் ஊறப்போடுவது, பத்தையை எப்படி நகத்தளவு அகலத்தில் சீவுவது என்றெல்லாம் அவருக்குத் தெரியும். ஊறப்போடுவதற்குக் காரணம் உண்டு. மூங்கிலுக்குள் இருக்கும் மாச்சத்து தண்ணீரில் கரைந்து போனால் வண்டு துளைக்காது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஊறப்போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கம்பளியும் அப்படி. தக்காணத்தில் குறும்பர்கள் தங்கள் கறுப்பு ஆட்டின் மயிரைச் சாயமே போடாமல் நூற்று, புளியங்கொட்டைப் பசையில் விறைக்கவைத்து நெய்த போர்வை. ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பசை தண்ணீரை உள்ளே விடாது, நனைந்தாலும் உடம்புச் சூடு போகாது. இந்த மலைக் குளிருக்கு இதைவிடப் பொருத்தமான துணி அந்தக் காலத்தில் கிடையாது. ஆனால் அது நம் முன்னோருக்கு எப்படி வந்தது? தோட்டம் கொடுத்தது, கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்தது. கப்பலேறிய நாளிலேயே கணக்கில் ஏறிய கடனில் கம்பளியும் ஒன்று. பாட்டிமார் அதைத் தலையில் கொங்காணியாகப் போட்டு மழையில் நின்ற கதையை நாம் பாட்டாகவும் கதையாகவும் கேட்டிருக்கிறோம். அந்தக் கம்பளியின் கணக்குப் புத்தகத்தை யாரும் நமக்குக் காட்டவில்லை. இடுப்பில் கட்டிய சணல்சாக்குப் படங்கும், ஏற்றுமதியிலிருந்து ஒதுங்கிய தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த அலுமாரியும், அதே பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைப் பிரித்துச் சாமிப் படத்துக்குப் போட்ட பின்னணியும் நம் கைவேலைதான். பலகைப் பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்ததோடு அதுவும் நின்றது. கொடுக்கப்பட்டதையும் கழிக்கப்பட்டதையும் வைத்து வேலை செய்யத் தெரிந்த கைகள் நமக்கு உண்டு. இதற்கு அருங்காட்சியகம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இங்கே கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தார். கல்லைத் தேடிக் கண்டிச் சீமையில் அலைந்த மனிதர் நெசவாளரையும் கொல்லரையும் பாய் முடைவோரையும் பார்த்துவிட்டு, 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே, வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அதே கையச்சில், 425 பிரதிகள். கைவேலையைப் பற்றிய நூலைக் கைவேலையாகவே செய்து முடித்த பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் நடந்த மலைகளில் அப்போது நம்மவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். நூலின் பொருள் வேறு. லயம் அதற்குள் வரவில்லை. தமிழர் ஒருவரே எழுதியும் வரவில்லை என்று கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

பூண்டுலோயாவுக்கென்றே சாயத்தோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு. உங்களுக்கு இது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எர்னஸ்ட் கிரீன் என்ற தோட்டத்துரை உங்கள் ஊரில் இருந்துகொண்டு, செடிகளில் ஒட்டிக் கிடக்கும் செதிற்பூச்சிகளை ஆராய்ந்தார். பின்னாளில் அரசாங்கப் பூச்சியியலாளர் ஆனார். இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய அவருடைய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. உலகின் பல அருங்காட்சியகங்களில் குண்டூசி குத்திய பூச்சிகளுக்குக் கீழே உங்கள் ஊரின் பெயர் எழுதியிருக்கிறது. இந்தப் பூச்சிக் குடும்பத்தில்தான் அரக்குப் பூச்சியும் கொச்சினீல் பூச்சியும் உள்ளன. மாத்தளை ஹப்புவிடவில் நகத்தாலேயே அரக்கை இழுத்துக் கைத்தடிகளில் கோலமிடுகிறார்களே, அந்த அரக்கின் மூலம் ஒரு பூச்சிதான். கொச்சினீல் மெக்ஸிக்கோவின் சிவப்பு. அந்தக் காலத்தில் பெரும் செல்வம். அதைச் சென்னையில் வளர்க்கக் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர் ஜேம்ஸ் அண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது. வந்தது தப்பான பூச்சி. சாயம் மட்டம், ஆனால் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்ப்பதில் கெட்டி. கடைசியில் சாயத்துக்காக வந்த பூச்சியைக் கள்ளி ஒழிக்கப் பயன்படுத்தினார்கள், 1860-களில் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். அந்தப் பூச்சிக்கு 1896-இல் சிலோனின் பெயரை வைத்தவர் இந்தக் கிரீன்தான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இயற்கையான பொருள் என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் நமக்குக் கைகொடுத்துவிடாது. வாழைச்சேனைக் காகித ஆலை 1950-களில் தொடங்கியது. வைக்கோலில் கூழ் செய்தார்கள். வயலில் எரிந்துபோகும் வைக்கோலில் பள்ளிப்பிள்ளைக்குக் கொப்பி, எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் நெல்வைக்கோலில் மணற்சத்து அதிகம். கூழைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுப்புக் காரத்தண்ணீரிலிருந்து காரத்தை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவதை அந்த மணற்சத்து கெடுத்துவிடும். மீட்க முடியாத தண்ணீர் வெளியேதான் போயாக வேண்டும். இன்னும் அண்மையில் 2021-ஐ நினைத்துப் பாருங்கள். இரசாயன உரம் ஒரே இரவில் தடைசெய்யப்பட்டு, எல்லாம் இயற்கை என்றானது. அந்த வருடம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை அடுத்த வருடம் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. அறிவித்தவர்களுக்கு அது கொள்கை. உங்களுக்கு அது கைக்காசு, பேர் போடாத நாட்கள்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் முழுக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கற்றாழைச் சாறு தோலில் பட்டால் அரிக்கும், கையுறை வேண்டும். அதே சாறு ஓடையில் கலந்தால் மீன் சாகும். இலை வழித்த சதையையும் அலசிய தண்ணீரையும் பூண்டுலோயா ஆற்றில் விடாதீர்கள், அது கொத்மலைக்குப் போகிற தண்ணீர்; குழி வெட்டி அதில் கொட்டுங்கள், உரமாகட்டும். தாளுக்குக் கற்றாழை நாரையும் வாழைப்பட்டையையும் வேகவைக்க நாலு மணிநேரம் நெருப்பு வேண்டும். சவுக்கு விறகுச் சாம்பலைத் துணியில் கட்டி வடித்த தண்ணீர் காரத்துக்குப் போதும், கடைச் சோடா வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்த நாலு மணிநேர விறகை மலையிலிருந்து சுமப்பது யார்? ஏற்கெனவே விறகு சுமக்கிற அதே பெண்கள். எனவே தினம் தினம் கொஞ்சமாக வேகவைக்காமல் மாதத்துக்கு ஒரு முறை பெரிய அண்டாவில் மொத்தமாக வேகவைத்து, பிழிந்து காயவைத்துக் கட்டி வையுங்கள். நார் கெடாது, தேவைப்படும்போது ஊறவைத்து இடித்துக்கொள்ளலாம். பத்துப் பங்கு கொப்பிக் கூழுக்கு இரண்டு பங்கு புது நார் என்று தொடங்கிப் பாருங்கள்.

மானாப்புல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுபடி நடுவதற்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் அந்த மலையில் மானாவோ கௌதமாலாப் புல்லோ போடுகிறார்களே, அது மண் தேறுவதற்காக. வெட்டி அங்கேயே பரப்பினால்தான் பயன். அதைத் தாளுக்கு அள்ளினால் மண்ணின் சாப்பாட்டைப் பறிப்பதாகும். கரையோரத்தில் தானாக வளர்ந்தது விளக்குமாற்றுக்குப் போதும். உன்னிச்செடி வேறு விஷயம். எவ்வளவு வெட்டினாலும் மலைக்கு நன்மை. கூடலூரிலும் மாதேஸ்வரன் மலையிலும் உன்னித் தண்டை வேகவைத்துத் தோலுரித்துக் கதிரையும், யானைப் பொம்மையும் செய்கிறார்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்மவர்கள் போய்க் குடியேறிய அதே கூடலூர். உங்கள் உறவினர் யாராவது அங்கே இருந்தால் ஒரு செய்முறைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூடைக்கு மூங்கில் கிடைக்காத இடத்தில் உன்னி உதவும்.

விற்பதைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது, கோபிக்காதீர்கள். சுற்றுலாக்காரரின் வாழ்த்து அட்டையில் தொடங்க வேண்டாம். அவர் டிசம்பரிலும் ஏப்ரலிலும் வருவார், ஒரு குண்டு வெடித்தாலோ ஒரு நோய் வந்தாலோ இரண்டு வருடம் வரமாட்டார். 2019-க்குப் பிறகு பார்த்தோம். 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீட் தடைசெய்யப்பட்ட பிறகு கடைகளுக்குக் காகிதப் பை தேவை. ஆனால் அதில் ஆலைப் பையோடு விலையில் மோத முடியாது. உங்களுக்கு ஏற்றவை சிறு தேயிலைக் கம்பனிகளின் பரிசுப் பெட்டிகள். ஐம்பது கிராம் நல்ல தேயிலையை மூங்கில் மூடிக் கூடையில் வைத்து, தேயிலைச் சாயம் போட்ட துணியில் சுற்றி, கொப்பிக் கூழ்த் தாளில் முகவரிச் சீட்டு ஒட்டினால், தேயிலை விற்பவருக்கே அது தேவைப்படும். பொருளைக் கொழும்புக்கு அனுப்பலாம், கெடாது. தும்பறைப் பாயின் யானையையும் மானையும் நகல் எடுக்காதீர்கள். அது அவர்களுடையது, நீங்கள் எடுத்தால் மலிவான நகலாகத்தான் நிற்கும். நார் வழிப்பதை மட்டும் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள், கூலி கொடுத்து. தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞர்களாகப் பதிந்துகொள்ளுங்கள். 1982-இன் சட்டத்தில் அமைந்த நிறுவனம், கண்காட்சிகளுக்கு அழைப்பு வரும். விண்ணப்பம் தமிழில் இல்லாவிட்டால் தமிழில் கேட்டு வாங்குங்கள்.

விலை போடும்போது ஒரு கோட்டைத் தாண்டிக் கீழே போகாதீர்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. ஒரு பெண் ஒரு நாள் முழுக்க இடித்து, வார்த்து, காயவைத்துச் செய்த தாளின் விலையில் விறகும் பசையும் போக அந்தந்தக் காலத்து நாட்சம்பளமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அவள் மலைக்கே போகலாம். அங்கே சேமலாப நிதியாவது இருக்கிறது. சங்கம் வைத்து 'பொழுதுபோக்கு வருமானம்' என்று சொல்லி நாளுக்கு முந்நூறு ரூபாய்க்குப் பெண்களின் நேரத்தை வாங்கிப் போகிறவர்கள் வருவார்கள். அழகாகப் பேசுவார்கள், படம் எடுப்பார்கள். முதலில் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள்.

தாள் வார்க்கும் சட்டத்துக்கு வெளிநாட்டு வலை தேவையில்லை. பழைய படச்சட்டம் இரண்டு எடுத்து, ஒன்றில் நுளம்பு வலையை இழுத்து அடியுங்கள், மற்றது மேலே விளிம்பாக நிற்கும். எழுதும் தாளாக வேண்டுமானால் கூழிலேயே வடிகஞ்சி கொஞ்சம் விடுங்கள், மை பரவாது. மழையில் தாள் காயாமல் பூஞ்சணம் பூத்துவிடும், கஞ்சி விட்ட தாள் இன்னும் சீக்கிரம். வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை உங்கள் பள்ளத்தாக்கை விடாது. ஆகவே மழை மாதங்களில் நார் வழிப்பதையும் கூடை முடைவதையும் வைத்துக்கொண்டு, தாள் வார்ப்பதையும் சாயம் போடுவதையும் தை முதல் பங்குனி வரையான வெயிலுக்கு ஒதுக்குங்கள். மூங்கிலை மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். வெட்டி ஊறப்போட நாளாகும்.

அன்புடன்,
உங்கள் அக்கா